தவமணி அக்காவும் இரவல் பாட்டனும்

செய்தி எங்கள் கடைக்கு ஓர் ஓடராகத்தான் வந்தது. காலையில் கடை திறந்து கணினியைப் போட்டிருந்தேன். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. "தம்பி, பெனர் ஒன்னு அடிக்கணும். இன்னைக்கே வேணும்" என்றது ஓர் ஆண்குரல். மரண வீட்டுக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கண்டியில் அச்சுக்கடையில் வேலை செய்கிறவனுக்கு அடுத்த கேள்விகள் நாக்கிலேயே இருக்கும். பேனாவை எடுத்துக்கொண்டு இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

"தவமணி" என்றார். நான் எழுதி முடிப்பதற்குள், "ஒங்க கடையில வேல செஞ்ச தவமணிதான் தம்பி. நான் அவ அண்ணன் மகேந்திரன்" என்றார்.

முன் மேசையில் தவமணி அக்காவின் கதிரை காலியாக இருந்தது. தெல்தோட்டை பஸ் பிந்தியிருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில் அம்புலன்ஸ் ஒன்று இருக்கிறது. அதற்கு டிரைவர் இல்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரை அந்த முன் மேசையில்தான் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் யாரோ இறந்தபோது, போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றிருப்பீர்கள். பெயர், வயது, பிள்ளைகள், மருமக்கள் என்று அவர்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருப்பார். மற்றக் கடைகளில் அதோடு முடியும். தவமணி அக்கா தாத்தா பெயரும் கேட்பார். தாத்தாவின் அப்பா பெயர் கேட்பார். அது நோட்டீசில் வரப்போவதில்லை, இடமும் இல்லை. ஆனாலும் கேட்பார். "சாவு வீட்டுல கேட்டாத்தான் சொல்லுவாங்க. நாளைக்குக் கேட்டா வேல இருக்குன்னுவாங்க" என்பார். அவசரத்தில் வந்தவர்கள் எரிந்து விழுந்திருக்கிறார்கள். எங்கள் முதலாளி, "தவமணி, நீ பிரிண்டிங் கடையில இருக்கியா, பொலிஸ்ல இருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். அவர் அதற்கெல்லாம் அசையவில்லை. பெரும்பாலான தோட்டத்து ஆட்கள் தாத்தாவோடு நின்றுவிடுவார்கள். அதற்கப்பால் தெரியாது என்பார்கள். அவர்கள் போன பிறகு அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா, இவங்களுக்கும் இல்ல" என்பார். ஆறுதல் போலவும் இருக்கும், ஆத்திரம் போலவும் இருக்கும்.

ஒருநாள் அலவத்துகொடையிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வந்தார். பில் புத்தகம் அடிக்க வந்தவர். அக்கா பேச்சுவாக்கில் அவரிடமும் கேட்டார். அவர் வாப்பா, அவர் வாப்பாவின் வாப்பா, அவருக்கு மேலே இன்னும் நான்கு பேர் என்று மூச்சு விடாமல் சொன்னார். அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது.

"எப்பிடி நானா இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகமா? நான் எங்க ஞாபகம் வெக்க! காணி உறுதிப் பத்திரத்துல கெடக்கே தங்கச்சி. எடுத்துப் பாத்தா எல்லார்ட பேரும் வரும்."

அவர் போன பிறகு அக்கா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "அப்போ காணி இருக்கிறவனுக்குத்தான் பாட்டன் இருப்பான். நமக்கு லயத்து வரிசையில ஒத்தக் காம்பராதானே. அதுவும் தோட்டத்துது."

ஆனால் தனக்கு ஒரு பாட்டன் இருக்கிறான் என்று அவர் நம்பினார். பெயர் வேலன். அவருடைய தாத்தாவின் தாத்தா. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்த அரசாங்கம், வேண்டுமானால் அப்பனும் பாட்டனும் இங்கேதான் பிறந்தார்கள் என்று காட்டு என்றது. மனிதர்களைப் பிறப்பில் எழுதாமல், இறப்பில் எழுதாமல், காலையில் பெரட்டில் வரிசையாக நிறுத்தித் தலை எண்ணி மட்டுமே வைத்திருந்த ஓர் இடத்தில் கேட்ட கேள்வி அது. அக்காவின் தாத்தா கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. பாட்டன் பெயர் வேலன், கோப்பிக் காலத்தில் இதே தோட்டத்தில் பிறந்தவன் என்று அதில் இருந்தது. கோப்பி அழிந்து தேயிலை வருவதற்கு முன்பே அந்த மலையில் பிறந்த ஒரு மனிதன். அக்காவுக்கு அது பெரிய பெருமை. பழைய கங்காணி வீடுகளில் விசாரித்தார். கண்டியில் கோவில் கோவிலாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக லீவு நாளில் அலைந்தார். வேலன் எப்படி இருந்தான், யாரைக் கட்டினான், எப்படிச் செத்தான் என்று ஒரு துரும்பாவது கிடைக்காதா என்று. ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது வீண் வேலையாகப்பட்டது. இருக்கிறவனுக்கே சம்பளம் ஒழுங்காக இல்லை, செத்தவனைத் தேடி என்ன ஆகப்போகிறது என்று நேராகவே கேட்டேன். "நீ புசல்லாவ ரோட்டோரத்துல பொறந்தவன். பஸ்ஸாவது ஒன்னத் தேடி வந்துச்சு. எங்க மலைக்கு அதுவும் வரல்ல" என்றார்.

பிறகு வேலன் தேவைப்படும் நாள் வந்தது.

தோட்டத்தின் உச்சியில், தேயிலை முடியும் இடத்தில், புதைகாடு இருக்கிறது. இருந்தது. மேடுகளும் தலைமாட்டுக்கு ஒரு கல்லும்தான். பெயர் எழுதிய கல் இரண்டோ மூன்றோ இருக்கும். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அந்தக் காட்சிதான் வினையாகியது. நிர்வாகம் அந்த இடத்தைச் சுற்றுலாக்காரர்களுக்குச் சின்னச் சின்ன மரவீடுகள் கட்ட வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டது. ஒரு கம்பத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அக்கா அதைப் போனில் படம் எடுத்து வந்து என்னிடம் காட்டினார். "நமக்குச் சொல்லல்ல. நமக்குச் சொன்ன மாதிரி மத்தவங்களுக்குக் காட்டுறாங்க" என்றார்.

அவருடைய அம்மா அங்கேதான் கிடந்தார். அக்கா கல்யாணம் கட்டவில்லை. அண்ணன் வீட்டுக் காம்பராவில் ஒரு மூலையில் வாழ்ந்தவர். தனக்கென்று அவர் கேட்டது ஒன்றுதான். "அம்மா பக்கத்துல ஒரு ஆள் படுக்க எடம் இருக்கு. அது எனக்கு." இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் நான் அறிந்த வரையில் அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

பிரதேச செயலகத்துக்கு அவரோடு நானும் போனேன். அந்த அலுவலர் சிங்களவர், மரியாதையாகவே பேசினார். புதைகாடு மிகப் பழையது என்று காட்ட முடிந்தால், கோப்பிக் காலத்து ஆள் ஒருவர் அங்கே புதைக்கப்பட்டார் என்று அவருடைய வழிவந்தவர்கள் தங்கள் பத்திரங்களோடு சேர்ந்து கையெழுத்திட்டுத் தந்தால், வேலையை நிறுத்தச் சொல்லி மேலே எழுதலாம் என்றார். அக்கா வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "கேட்டியா? வேலனக் கேக்கிறான்டா. நம்ம வேலன!" அவரை அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகேந்திரனின் காம்பராவில் கூடினோம். அவருடைய மகள் நிரோஷாவுக்குப் பக்கத்து லயத்துச் சுப்பிரமணியத்தின் மகனோடு பரிசம் போட்டாகியிருந்தது. சுப்பிரமணியத்தின் வீட்டிலும் பழைய பத்திரம் இருக்கிறது என்று சம்பந்தி என்ற முறையில் அவரையும் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார். அக்கா வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க தாத்தா கடுதாசியிலயும் இதே ஆளுதான். வேலன்."

"வேலன்னு ஆயிரம் பேரு இருப்பான்" என்றார் மகேந்திரன்.

"ஒரே தோட்டம், ஒரே டிவிசன், வேலனோட அப்பன் பேரும் ஒன்னு. இவனும் ஆயிரத்துல ஒருத்தனா?"

முதலில் விளங்கிக்கொண்டவர் சுப்பிரமணியத்தின் மனைவி. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பிடின்னா நாம பங்காளியா? பரிசம் போட்டுட்டமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆண்வழியில் ஒரே பாட்டன் என்றால் இரண்டு வீடும் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. நிரோஷா கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என் சிரிப்பும் நின்றது.

"இன்னொரு வீட்டுலயும் பழைய கடுதாசி இருக்கு. கேட்டுட்டு வந்திர்றேன்" என்று அக்கா எழுந்தார். நானும் கூடப் போனேன். கீழ் லயத்தில் கருப்பையா என்ற கிழவர் இருந்தார். என்ன சாதி என்று நான் எழுதப்போவதில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். மகேந்திரன் வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிற கோப்பை வேறு. அவ்வளவு போதும்.

கருப்பையா விசயத்தைக் கேட்டுவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி வாய்விட்டுச் சிரித்தார். "ஒங்களுக்கும் வேலன்தானா? எங்களுக்கும் அவன்தான் புள்ள. இந்தத் தோட்டத்துல பாதிப் பேருக்கு அவன்தான்."

"என்ன பாட்டா சொல்றீங்க?"

"எங்கப்பாவுக்கு அவரு பாட்டன் பேரே தெரியாது. தெரிஞ்சாலும் காட்ட ஒரு துண்டு இருக்கா? கணக்கப்பிள்ள ஐயாதான் எல்லாருக்கும் மனு எழுதினாரு. அவரு சொன்னாராம், இந்தா வேலன்னு ஒருத்தன் இருந்தான், இங்கினயே பொறந்தவன்னு கோட்டுக் கடுதாசி இருக்கு, செத்துட்டான், புள்ளகுட்டி இல்ல, ஏன்னு கேக்க ஆளும் இல்ல. எடுத்துக்கங்கன்னு. எங்கப்பா எடுத்துக்கிட்டாரு. ஒங்க தாத்தாவும் எடுத்துக்கிட்டாரு போல."

"கோட்டுக் கடுதாசியா? எதுக்கு?"

"வேல வேணாம்னு தோட்டத்த விட்டு ஓடினான். கம்பளைகிட்ட புடிச்சு, கோட்டுல நிறுத்தி, மறியல்ல போட்டாங்க. அப்பல்லாம் தொர குடுக்கிற துண்டு இல்லாம தோட்டத்த விட்டுப் போனா குத்தம்தானே. திரும்பி வந்து இங்கதான் செத்தான். பொதகாட்டுல மேல் மூலையில ஒடைஞ்ச கல்லு, அது அவன்தான். எங்கப்பா காட்டியிருக்காரு."

ஒரு நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் அந்த மலையில் பிறந்த எத்தனையோ பேரில், இவன் இங்கே பிறந்தவன் என்று எழுதிவைக்க அந்த வெள்ளைக்கார ஆட்சிக்குத் தோன்றியது ஒருவனைப் பற்றி மட்டும்தான். அதுவும் அவனைச் சிறையில் போடுவதற்காக. அந்த ஒருவனைத்தான் பிறகு வீடு வீடாக இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பி ஏறி வரும்போது அக்கா தண்ணீர் ஓடும் கானோரத்தில் நின்று செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டினார். "இத்தன வருசமா ஊரான் வீட்டுப் பொணத்துக்கு அழுதிருக்கேன்" என்றார். நான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்தக் கல்லு பொய்யில்லையே. அவன் அங்கதானே கெடக்குறான். கந்தோர்ல கேட்டது கடுதாசிதானே? கடுதாசியில மூணு வீட்டுக்கும் பாட்டன். மூணு வீடும் கையெழுத்துப் போடுவோம். கணக்கப்பிள்ள அன்னைக்குச் செஞ்சத நாம இன்னைக்குச் செய்வோம்" என்றார்.

திரும்பிப் போய்க் கேட்டபோது கருப்பையா உடனே சம்மதித்தார். "நான் போடுறேன் புள்ள. ஒங்கண்ணன் போடுவானான்னு கேளு. என் பேருக்குப் பக்கத்துல அவன் பேரு வரணுமே."

மகேந்திரன் போடவில்லை. சுப்பிரமணியமும் போடவில்லை. அன்று மாலை நடந்த சண்டையை நான் இஸ்தோப்பில் நின்று கேட்டேன்.

"வேலன் இரவல்னு நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா? ஊரு பூராத் தெரிய நானும் சம்பந்தியும் பங்காளின்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? அதுவும் கீழ் லயத்தோட சேத்து? நாளைக்குக் கல்யாணம் நிக்கும். ஒரு கல்லுக்காக என் மக வாழ்க்கையக் கெடுக்கச் சொல்றியா?"

"அந்தக் கல்லு இருக்கிற எடத்துலதான் நம்ம அம்மா கெடக்குறா."

"அம்மா செத்துட்டா தவம். நிரோஷா உசுரோட இருக்கா."

அக்கா பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கருப்பையாவின் கோப்பையை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணமும் ஒரு தாயின் குழியும் ஒரே தாளில் வந்து மோதும்படி செய்தது அவரல்ல. பாட்டனைக் காட்டு என்று நம்மிடம் மட்டும் கேட்டவர்கள் அதைச் செய்தார்கள். அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

கடைசியில் இரண்டு கையெழுத்தோடு போனோம். ஒன்று அக்காவுடையது, ஒன்று கருப்பையாவுடையது. அந்த அலுவலர் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தார். நன்றாகத் தமிழ் பேசக்கூடியவர். "நங்கி, இந்த ரெண்டு மனுவையும் அந்தக் காலத்திலேயே நிராகரிச்சிருக்கே" என்றார். சிங்களத்தில் தங்கச்சி என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். தாளின் தலையில் அடித்திருந்த முத்திரையைக் காட்டினார். அது எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நிராகரிப்பால் அக்காவின் சித்தப்பாவைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களுக்கு வேறு சட்டம் வந்து பிரஜாவுரிமை கிடைத்தது, வேலனால் அல்ல. "அன்றைக்கு அரசாங்கம் இந்த ஆளைப் பாட்டன் இல்லை என்று சொல்லிட்டுது. இன்றைக்கு நான் எப்படி ஆம் என்று எழுதுவது?" என்று கேட்டார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. வருத்தத்தோடுதான் பத்திரங்களைத் திருப்பித் தந்தார்.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் மலைக்கு ஏறிய நாளில் அக்கா லீவு போட்டார். மறுநாள் வழக்கம்போல வந்து முன் மேசையில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு மரண அறிவித்தல் வந்தது. பெயர், வயது, பிள்ளைகள் என்று எழுதினார். தாத்தா பெயரைக் கேட்கவில்லை. அன்றோடு அந்தக் கேள்வி நின்றது. முதலாளி ஒருநாள், "இப்பதான் நீ வேலயப் படிச்சிருக்கே" என்று பாராட்டினார். அக்கா தலையாட்டினார். நிரோஷாவின் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழ் எங்கள் கடையில்தான் அடித்தோம். அக்காவே எழுத்துத் திருத்தம் பார்த்தார், பிழையில்லாமல்.

அவருடைய பெனரை நான் செய்தேன். வேறு யாரையும் செய்ய விடவில்லை. பெற்றோர் பெயர், அண்ணன் பெயர், நிரோஷாவின் அன்பு அத்தை என்று எல்லாம் போட்டுவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "கோப்பிக் காலத்து வேலனின் பேத்தியும் ஆவார்." முதலாளி பார்த்துவிட்டு, யாரப்பா அது என்றார். சொந்தக்காரர் என்றேன்.

லயத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். நிரோஷா வயிற்றில் பிள்ளையோடு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகேந்திரன் பெனரை விரித்து மேலிருந்து கீழே வாசித்தார். கடைசி வரியில் நின்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி வீட்டாளுங்க வந்துக்கிட்டிருக்காங்க தம்பி" என்றார். உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். பெனரை நிலத்தில் விரித்து, முழங்காலிட்டு, அந்த வரியை மட்டும் ஓரத்திலிருந்து ஓரம்வரை நேராக வெட்டினார். வெட்டும்போது அழுதார். அது யாருக்காக என்று எனக்குத் தெரியாது. வெட்டிய துண்டை என் கையில் தந்துவிட்டு, மிச்சத்தைக் கட்டச் சொன்னார். கட்டினேன். கருப்பையா கிழவர் முற்றத்துக்கு வெளியே, கானுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

அக்காவை மலைக்கு ஏற்றவில்லை. ஏற்ற அங்கே இடமில்லை. மரவீடுகளுக்குக் கம்பி வேலி போட்டு, வாசலில் காவலாளியும் நிற்கிறார். டவுனுக்குக் கீழே பொது மயானத்தில், யாரென்று தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் புதைத்தார்கள். அம்மாவின் எலும்புகளை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். மண்ணோடு மண்ணாகப் பாதை நிரப்பப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

அவரைப் பற்றி ஆறுதலாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் தேடிய மனிதன் அவருடையவன் அல்ல. அவர் கேட்ட இடம் கிடைக்கவில்லை. அவருக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்த பிள்ளை பெயரும் வயதும் மட்டும் கேட்கிறாள், வேலை சீக்கிரம் முடிகிறது.

என்னிடம் இருப்பது அந்தத் துண்டு. நாலு விரல் அகலம், ஓர் ஆள் நீளம். சுருட்டிக் கணினிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கடையைக் கூட்டும்போதெல்லாம் குப்பையில் போடச் சொல்லி முதலாளி சத்தம் போடுகிறார். கோப்பிக் காலத்து வேலனுக்குப் பேத்தி என்று ஒருத்தி இருந்ததாக வேறெங்கும் எழுத்தில் இல்லை. மேல் மூலைக் கல் இப்போது ஏதோ ஒரு மரவீட்டுக்கு அடியில் கிடக்கும். இந்தத் துண்டு வெறும் பிளாஸ்டிக். மண்ணில் போட்டாலும் மக்காது.